கார்ட்டூனுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்ட அத்தானுக்கு

சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஆள், பிரியாணித் தட்டும் கையுமாக நின்று, ‘ட்ராகன் பால்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் கதையில் யாருக்கு எவ்வளவு பலம் என்று குரலை உயர்த்தியது தவறுதான். அக்காவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் "கார்ட்டூனுக்குக் கணக்கு எதற்கு?" என்று அத்தான் கேட்டதும் எல்லாரும் சிரித்தீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கை நானா கொண்டுவந்தேன்? கதைதான் கொண்டுவந்தது. பலத்தை அளக்கக் கண்ணில் மாட்டும் ஸ்கவுட்டர் என்ற கருவியை வைத்து, துப்பாக்கியோடு நின்ற விவசாயியின் பலம் 5 என்று சொன்னது அதுதான். எதிரியாக வந்த வெஜிட்டாவுக்கு 18,000. உருவம் மாற மாறப் பலம் கூடும் வில்லன் ஃபிரீசாவுக்கு முதல் உருவத்திலேயே 530,000. எண்ணைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, இப்போது எண்ணைப் பார்க்காதே என்றால் எப்படி?

அந்த எண்களைக் கதையே மதிக்கவில்லை. கிழட்டுக் குரு ஆமைத் துறவி ரோஷிக்கு அதே கருவி காட்டியது 139. அவரோ பல வருடங்களுக்கு முன்பே நிலவைத் தூளாக்கியவர்! 2017இல் பிரபஞ்சங்கள் மோதும் போட்டியில் அவரே இறங்கி எதிரிகளை வெளியேற்றுகிறார். 2015 படத்தில் தெய்வ நிலையை எட்டிய கதாநாயகன் கோக்கு, ஓர் அடியாளின் மோதிரத்திலிருந்து பாய்ந்த கதிர் பட்டுச் சுருண்டு விழுகிறான். அவன் அசட்டையானவன் என்று முன்பே எச்சரித்தார்களே என்பீர்கள். சரி, எச்சரித்தார்கள். அதற்காக?

1984 முதல் 1995 வரை இந்தக் கதையை வாராவாரம் வரைந்த அகிரா தோரியாமாவுக்கு எல்லாம் நினைவிருக்குமா என்பது நியாயமான கேள்வி. 2024இல் அவர் காலமானபோது நானும் கலங்கியவன்தான். ஆனால் கற்பனைதானே என்று மட்டும் சொல்லாதீர்கள். பாரதத்தில் கர்ணன் சும்மாவா விழுந்தான்? கவச குண்டலங்களை இந்திரன் முன்பே வாங்கிப் போயிருந்தான். பரசுராமர் சாபம் காத்திருந்தது. தேர்ச்சக்கரத்துக்குத் தனியாக ஒரு சாபம். ஒருவன் தோற்க அத்தனை ஏற்பாடு! பலம் கூடட்டும், குறையட்டும். ஏன் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டரை நேற்று 14 நிமிடத்தில் ஓடி மூச்சிரைத்தவன் இன்று 9 நிமிடத்தில் வந்து நின்றால் கைதட்டுவீர்களா, கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பீர்களா?

அத்தான், உங்களுக்குத் தெரியாத ஒன்று. அப்பாவுக்கு அப்போது கப்பல் பட்டறையில் இரவு வேலை. பகலில் தூங்கி எழுந்து என்னோடு உட்காருவார். வாடகை விசிடியில் பேச்சு ஜப்பானிய மொழி, கீழே ஓடும் எழுத்து சீனம். எங்கள் இருவருக்கும் இரண்டுமே தெரியாது. சீன எழுத்துகளுக்கு நடுவே எண் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். "இவனுக்கு எவ்வளவு?" என்பார். கட்டம் போட்ட நோட்டில் நான் எழுதிக்கொள்வேன். அந்தக் கதையில் எங்களுக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைத்தான் பொருட்படுத்த வேண்டாம் என்கிறீர்கள்.

சனிக்கிழமை இரவு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஃபிரீசா பெயருக்கு எதிரே உள்ள 530,000 மட்டும் அப்பாவின் கையெழுத்து. கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட்டிருக்கிறார்.