ஃபோர்ப்ஸ் வழக்கின் பாதிக் கதை

"வாக்குச்சீட்டில் பெயர் இருந்தால் அமெரிக்காவில் அரசுத் தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தே ஆக வேண்டும், ரால்ஃப் ஃபோர்ப்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் ஜெயித்தது இடையில் மட்டும்தான்.

1992-இல் ஆர்கன்சாஸின் 3-ஆவது தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்குச் சுயேச்சையாக நின்றவர் அவர். தேவையான 2,000 கையெழுத்துகளைத் திரட்டியவர்தான். ஆனாலும் மாநிலக் கல்வித் தொலைக்காட்சி பெரிய கட்சிக்காரர்கள் இருவரை மட்டும் அழைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்ப்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை 6-3 என்ற கணக்கில் ரத்து செய்துவிட்டது. மக்கள் ஆதரவு இல்லை என்பதற்காக விலக்கலாம், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக விலக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

சரி, ஆதரவே இல்லாதவரா? 1990-இல் துணை ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) இதே தொகுதியின் 16 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) 15-இல் முந்தியவர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், யாரை அழைப்பது என்பதற்கு முன்கூட்டியே வகுத்த அளவுகோல் இல்லாததைத்தான் கண்டித்தார். ஃபோர்ப்ஸின் அரசியல் எனக்குத் துளியும் ஆகாது. ஆனால் ஸ்டீவன்ஸின் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அமலில் இருந்தபோதும் எல்லாருக்கும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. 1996-இல் நெப்ராஸ்கா கல்வித் தொலைக்காட்சி, மற்றவர்களையும் சேர்ப்பதற்குப் பதிலாக, செனட் வேட்பாளர் விவாதத்தையே ரத்து செய்தது.