7 முதல் 31 வரை எங்கே?

(2024 நவம்பர் 5, மாலை. கலிபோர்னியா மாநிலம் சன்னிவேலில் ஒரு வாடகை வீடு. சாப்பாட்டு மேசையில் வாக்குச்சீட்டு, பக்கத்தில் சாம்பார்.)

மாப்பிள்ளை: மாமா, எதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

மாமா: நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள்.

மாப்பிள்ளை: அதனால்?

மாமா: வாக்கு ரகசியம். வாத்தியாராக இருந்த காலத்தில் வந்த தேர்தலுக்கெல்லாம் பூத்தில் உட்கார்ந்தவன் நான். ஒருத்தர் ஓட்டையும் எட்டிப் பார்த்ததில்லை. நீங்கள் என்னவென்றால் சாம்பார் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போடுகிறீர்கள்.

மாப்பிள்ளை: இங்கே எல்லோருக்கும் வீட்டுக்கே சீட்டு வந்துவிடும் மாமா. நிரப்பி, உறையில் போட்டு, மேலே கையெழுத்துப் போட்டு, தெருமுனைப் பெட்டியில் போட்டால் முடிந்தது. எட்டு மணி வரை நேரம் இருக்கிறது.

மாமா: ஏஜென்ட்?

மாப்பிள்ளை: வீட்டில் ஏது ஏஜென்ட்?

மாமா: காலையில் மாதிரி வாக்குப்பதிவு?

மாப்பிள்ளை: இல்லை.

மாமா: விரலில் மை?

மாப்பிள்ளை: ஸ்டிக்கர் இருக்கிறது. 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று. சட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

மாமா: சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி போடலாம்.

மாப்பிள்ளை: முடியாது மாமா, கையெழுத்தைச் சரிபார்ப்பார்கள். சரி, இப்படி வாருங்கள், ஒரு உதவி வேண்டும். ஜனாதிபதிக்குப் போட்டாயிற்று...

மாமா: சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை: சொல்லவில்லை.

மாமா: கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரத்தில் பேனரே கட்டியிருக்கிறார்கள். பொதுவாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை: தொல்லை அதில் இல்லை. இங்கே ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் போதாது, சட்டத்துக்கும் போட வேண்டும். பிராப்பசிஷன் என்று பெயர். இந்த முறை பத்து. 2, 3, 4, 5, 6, அப்புறம் 32, 33, 34, 35, 36.

மாமா: 7 முதல் 31 வரை எங்கே?

மாப்பிள்ளை: அது கிடையாது.

மாமா: வினாத்தாளில் நடுப்பக்கம் விட்டுப்போயிருக்கிறது. உடனே எழுதிக் கொடுங்கள்.

மாப்பிள்ளை: விட்டுப்போகவில்லை மாமா. 2 முதல் 6 வரை சட்டசபை அனுப்பியது. 32-லிருந்து, மக்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் 31 வரை 2022-லேயே முடிந்துவிட்டது.

மாமா: ஒரே தாளில் இரண்டு வரிசை. இதைப் போட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்திருக்க மாட்டார். சரி, படியுங்கள்.

மாப்பிள்ளை: 2. பள்ளிக்கூடக் கட்டடங்களுக்காக அரசு ஆயிரம் கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா?

மாமா: (சுவரை விட்டுத் திரும்பி) கடன் வாங்கலாமா என்று உங்களைக் கேட்கிறார்களா?

மாப்பிள்ளை: ஆமாம். 4-ம் அதே மாதிரிதான். குடிநீர், காட்டுத்தீ என்று இன்னொரு ஆயிரம் கோடி.

மாமா: எங்களுக்கு வாங்கி முடித்த பிறகு பேப்பரில் பார்த்தால்தான் தெரியும். ஆம் போடுங்கள். கேட்ட மரியாதைக்காவது போடுங்கள்.

மாப்பிள்ளை: வட்டி நாம்தான் கட்ட வேண்டும்.

மாமா: அது எங்களுக்கும் உண்டு. சரி, நீங்கள் ஆம் என்றால் நடந்துவிடுமா?

மாப்பிள்ளை: நடக்கும். அதாவது, பெரும்பாலும். போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேனே? வருடத்துக்கு இரண்டு முறை இப்படிக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கத்தை மாற்ற வழி விடலாமா என்று 2018-ல் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் ஆம் என்றார்கள்.

மாமா: அப்புறம்?

மாப்பிள்ளை: ஞாயிற்றுக்கிழமை பின்னால் வைத்தேன்.

மாமா: நம் ஊர் கிராம சபைத் தீர்மானம் மாதிரி என்று சொல்லுங்கள். அது என்ன, போனை எடுக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று. அவருக்கு வேறு யாரோ அனுப்பியதாம்.

மாமா: பிட்டு!

மாப்பிள்ளை: பிட்டு இல்லை மாமா, வழிகாட்டி. அரசாங்கம் பஞ்சாங்கம் மாதிரி ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறது. அதை யார் படிப்பது?

மாமா: பிட்டு அடித்த பையனும் என்னிடம் இதையேதான் சொல்வான். பிட்டில் ஒரு தப்பு இருந்தால் வகுப்பு முழுக்க அதே தப்பை எழுதியிருக்கும். அதை வைத்துத்தான் பிடிப்பேன். போனைக் கவிழ்த்து வையுங்கள். 6 என்ன?

மாப்பிள்ளை: சிறைக் கைதிகளிடம் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாம் என்று அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா?

மாமா: இன்னுமா எடுக்கவில்லை?

மாப்பிள்ளை: இல்லை. எதிர்த்து வாதம் எழுதித் தர ஒருவரும் வரவில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது.

மாமா: எழுதத்தான் ஆள் இல்லை. போட ஆள் இருக்கும், பாருங்கள்.

(இருந்தார்கள். எண்ணி முடித்தபோது 6 தோற்றிருந்தது.)

மாப்பிள்ளை: 32, குறைந்தபட்சக் கூலி மணிக்கு 18 டாலர். போட்டுவிட்டேன். இந்த 33-தான் தலைவலி. வாடகைக்கு வரம்பு வைக்க நகரங்களுக்கு இருக்கும் அதிகாரத்தை 1995 சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தை நீக்கலாமா?

மாமா: கட்டுப்படுத்துவதைக் கட்டுப்படுத்துவதை நீக்கலாமா?

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமா: அதாவது வேண்டாம் என்பது வேண்டாம் என்றால் ஆம்.

மாப்பிள்ளை: இல்லை... ஆமாம். இருங்கள், மறுபடி படிக்கிறேன்.

மாமா: நேற்று உங்கள் அத்தை 'காபி வேண்டாமா?' என்று கேட்டாள். நீங்கள் 'ஆமாம்' என்றீர்கள். காபி வந்ததா?

மாப்பிள்ளை: வரவில்லை.

மாமா: இதை எழுதியவர் அத்தைக்கு உறவாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: இதில் இன்னொன்று. வாடகை விஷயம் 2018-லும் வந்தது, 2020-லும் வந்தது. இரண்டு முறையும் தோற்றது.

மாமா: அரியர். 34?

மாப்பிள்ளை: அது 33-க்குப் பதிலடி என்கிறார்கள். 33-க்குப் பின்னால் ஒரு சுகாதார அமைப்பு இருக்கிறது. மருந்து விற்று வரும் பணத்தை அது இதற்கெல்லாம் செலவழிக்கக் கூடாது என்று, வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் பணம் போட்டு 34-ஐக் கொண்டுவந்திருக்கிறது. மேலே படித்தால் நோயாளிகள் நலன் என்று இருக்கும்.

மாமா: வரப்பை வெட்டினான் என்று வாய்க்காலை அடைக்கிறது. இதைப் பார்க்கவா இருபத்திரண்டு மணி நேரம் விமானத்தில் வந்தேன்? எங்கள் ஊர்ப் பங்காளிகளே போதுமே.

மாப்பிள்ளை: எது எப்படியோ, 33-க்கு நான் ஆம்தான். வருடா வருடம் வாடகை ஏற்றுகிறார் மாமா. கேட்டால் மார்க்கெட் ரேட் என்கிறார். சம்பளத்தில் பாதி அவருக்கே போகிறது. வீட்டுக்காரர் என்றால் கொஞ்சம் மனசாட்சி வேண்டாமா?

மாமா: ஆமாம்.

மாப்பிள்ளை: வேண்டுமா, வேண்டாமா?

மாமா: தோரைப்பாக்கம் பிளாட்டில் வாடகையை 22,000-லிருந்து 26,000 ஆக்கச் சொல்லி ஜூலையில் எனக்குப் போன் செய்தது யார்?

மாப்பிள்ளை: அது... அங்கே மெட்ரோ வருகிறது மாமா. எல்லோரும் ஏற்றுகிறார்கள். மார்க்கெட்...

மாமா: ம்?

மாப்பிள்ளை: ரேட்.

மாமா: அந்தக் குடித்தனக்காரரிடம் இதை எந்த எண்ணில் கேட்டீர்கள்? 7-க்கும் 31-க்கும் நடுவிலா?

(சிறிது நேரம் பேனா சத்தம் கேட்கவில்லை.)

மாப்பிள்ளை: மணி ஏழே கால் ஆகிவிட்டது. பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

மாமா: 33 காலியாக இருக்கிறதே?

மாப்பிள்ளை: வாக்கு ரகசியம் மாமா.

மாமா: (மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு) நிரப்புங்கள். நான் பார்க்கவில்லை.