பிஸ்கட் டின்னில் இருக்கும் கல்யாணக் காகிதம்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூஜை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் மனம் வருந்திப் பேசினார். பெப்ரவரி 14 வந்தால் பிள்ளைகள் சிவப்பும் வெள்ளையுமாக உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், ரோபோட்டுக்கு ரோபோட், அதாவது ஒவ்வொரு போக்குவரத்து விளக்கிலும், ரோஜா விற்கிறார்கள், இந்தக் காதலர் தினம் நமக்கு எதற்கு தம்பி என்றார். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் டர்பன் தமிழர்களுக்கு இந்த நாளோடு சொந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

வாலண்டைன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் நூற்றாண்டு ரோமில் பேரரசன் கிளாடியஸ் படைவீரர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று தடை போட்டான், வாலண்டைன் என்ற பாதிரியார் ஒளித்து மறைத்துக் கல்யாணம் செய்துவைத்தார், அதற்காகத் தலையைக் கொடுத்தார் என்பார்கள். அந்தத் தடையும் ரகசியக் கல்யாணமும் பின்னால் வந்து சேர்ந்த கதை. அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு என்பதால் கத்தோலிக்கத் திருச்சபையே 1969இல் தன் பொது நாட்காட்டியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. அன்றைக்குப் பறவைகள் ஜோடி தேடும் என்று 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் பாடிவைத்தார். காதல் பேச்சு அந்த நாளில் ஒட்டிக்கொண்டது அதற்கு அப்புறம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவள் மார்ஜரி புரூஸ் என்ற இங்கிலாந்துப் பெண். 1477 பெப்ரவரியில் ஜான் பாஸ்டனை 'என் வாலண்டைன்' என்று அழைத்துக் கடிதம் எழுதினாள். ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுதான் மிகப் பழைய வாலண்டைன் கடிதம் என்பார்கள். அதில் நிலாவும் இல்லை, ரோஜாவும் இல்லை. சீதனப் பேச்சு இழுபறியில் கிடக்கிறது. என் அம்மா என் அப்பாவிடம் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டாள், இதற்குமேல் பெயரவில்லை, என்மேல் அன்பிருந்தால் இதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்று எழுதுகிறாள். நம் வீட்டுக் கூடத்தில் யாரோ மெல்லிய குரலில் பேசுவது போலிருந்தது எனக்கு. அந்த வருஷமே அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். ரோமில் நடந்ததாகச் சொல்வது கதையாக இருக்கலாம். இங்கே நடந்தது கதை இல்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். பலதார மணத்துக்கு இடம் தரும் மத முறையில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்றார். அக்கினி சாட்சியாகத் தாலி கட்டிக்கொண்டு வந்த நம் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு கிளம்பி நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். அதே போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து வெளியே வந்து, 1914 பெப்ரவரி 22 அன்று கண்மூடினாள். 16 வயதுதான். காதலர் தினம் முடிந்து எட்டாம் நாள் அவள் நினைவு நாள் வருகிறது. அன்று அவளுக்கு ஒரு விளக்கேற்றும் வீடுகள் எத்தனை?

அந்த வருஷமே சட்டம் மாறியது, ஒரு மனைவியோடு வாழ்கிறவர்களின் கல்யாணம் செல்லும் என்றானது. ஆனால் 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. வெள்ளையரும் மற்ற இனத்தவரும் மணந்துகொள்ளக் கூடாது என்றது அது. 1985 வரைக்கும் இருந்தது. அதற்குப் பயந்து ஊரைவிட்டே போனவர்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது.

அதனால்தான் பிள்ளைகள் சிவப்புச் சட்டை போடுவதை நான் தடுக்க மாட்டேன். அன்று சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து, அம்மா வைத்திருக்கும் பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னைத் திறப்பேன். கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பதிவுக் காகிதம் அதில் இருக்கிறது. தாலி கட்டிப் பல வருஷம் கழித்து, பிள்ளை பெற்ற பிறகு போய்ப் பதிந்தது. மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுப்பேறிவிட்டது. கீழே அவர் பெருவிரல் ரேகை, பக்கவாட்டில் கொஞ்சம் இழுபட்டிருக்கும். இடுப்பிலிருந்த குழந்தை கையைப் பிடித்து இழுத்துவிட்டதாம். அந்தக் குழந்தை எங்கள் ஆயா.