மினரலா, ரெகுலரா?

சென்னையில் ஓட்டலில் போய் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, முதல் கேள்வி வந்துவிடும்.

"தண்ணி மினரலா மேடம், ரெகுலரா?"

கேட்கிற தம்பி பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டேதான் கேட்பார். இரண்டு விரல் மூடியின் மேல் இருக்கும். எதிரே கூட வேலை பார்க்கிறவர்கள் ஆறேழு பேர், இல்லையென்றால் வீட்டு ஆட்கள் நாலு பேர். "சும்மா தண்ணியே போதும்" என்று சொல்ல அந்த நேரத்தில் நாக்கு எழும்பாது பாருங்கள், பில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பாளையங்கோட்டைக்காரி. தாமிரபரணித் தண்ணியைக் குடித்து வளர்ந்தவள். எங்கள் ஊர் ஓட்டலில் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையில் டம்ளர் நிரம்பி இருக்கும். எந்தத் தண்ணி என்று யாரும் கேட்டதில்லை. ஓஎம்ஆரில் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதில் பத்து வருஷம் "மினரல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தாகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கூச்சம்.

பெரிய ஊர் ஓட்டல்கள் பாதி வியாபாரத்தை நம்முடைய கூச்சத்தை வைத்துத்தான் நடத்துகின்றன என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் கமெண்டில் வரலாம், சண்டை போடுவோம்.

தண்ணி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் ஓட்டலில் வாங்கக்கூடாது என்று நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல்களை எம்ஆர்பி கட்டுப்படுத்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இருபது ரூபாய் பாட்டிலுக்கு அறுபது போட்டிருந்தாலும் பில் வந்த பிறகு குதித்துப் பிரயோஜனம் இல்லை. அந்த இரண்டு விரல் மூடியைத் திருகுவதற்கு முன்னால் வாயைத் திறக்கணும். அவ்வளவுதான்.

அடுத்தது அம்மா.

அம்மாவிடம் மெனு கார்டைக் கொடுத்தால் பலகாரத்தின் பெயரைப் படிக்கவே மாட்டாள். கண் நேராக வலது பக்கம் போகும். விரல் விலை மேலேயே இறங்கிக்கொண்டு வந்து, எது குறைச்சலோ அங்கே நிற்கும். "எனக்கு வயிறு ஒருமாதிரி இருக்குட்டி. ஒரு தயிர்சாதம் சொல்லு, போதும்." காலையில் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரசை விட்டு இறங்கியதிலிருந்து அந்த வயிறு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஐந்து இட்லி சாப்பிட்ட வயிறு. கார்டைப் பார்த்ததும்தான் அதற்கு உடம்புக்கு முடியாமல் போகும். வந்த தயிர்சாதத்தை ஸ்பூனால் ஒரு கிளறு கிளறிவிட்டு, "நூத்தி எம்பது ரூவாயா? உழக்கு அரிசிகூட இருக்காதேட்டி இதுல" என்று என் காதில் மட்டும் சொல்வாள். பக்கத்தில் என் மகள் அறுநூறு ரூபாய்க்கு என்னமோ ஒரு பாஸ்தாவைப் பாதி தின்றுவிட்டுப் போதும் என்று தள்ளி வைத்திருப்பாள். அந்த மீதியையும் அம்மாதான் சாப்பிடுவாள், பிடிக்காமல்.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறது என்று ஒன்று உண்டு. தோளில் துண்டோடு ஒரு மாமாவோ பெரியப்பாவோ இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். தேங்காய்ப்பால் சொதி இலையில் ஓடிக்கொண்டிருக்கும், சோற்றை அணை கட்டி முடிப்பதற்குள் "ஏலே, இங்க ரெண்டாந் தடவை சொதி வரலியே" என்று அவர் குரல் கேட்கும். "அந்த ஆச்சிக்கு இஞ்சிப் பச்சடி வை, தேங்காய்ப்பால் செரிக்கணும்லா." "கெழங்கு வறுவலை அந்தப் பிள்ளை இலையில கூட ரெண்டு போடு." சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து எதையும் கேட்க வேண்டியதே இல்லை. போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கணும், அதையும் லேசில் நம்ப மாட்டார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எல்லாப் பந்தியிலும் இருப்பார்கள் என்று தெரிந்த யாரோதான் அந்த வேலையை உண்டாக்கியிருக்கணும்.

ஓட்டலுக்கு நாலு பேரைக் கூட்டிப்போகிறவர் அந்தப் பந்தி விசாரிக்கிற ஆளாக இருக்கணும் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. இப்போதெல்லாம் அம்மாவிடம் கார்டையே கொடுப்பதில்லை. நான் வாங்கி, இடது பக்கத்தை மட்டும் சத்தமாக வாசிப்பேன். வாசிக்கும்போது எந்தப் பெயரில் அவள் முகம் லேசாகத் திரும்புகிறதோ அதைச் சொல்லிவிடுவேன். போன தடவை பன்னீர் என்னமோ ஒன்றில் திரும்பியது. எழுபத்தொரு வயதில் அம்மாவுக்குப் பன்னீர் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் நாங்கள் வாங்கியதே இல்லை.

யோசித்துப் பார்த்தால் ஊரில் சர்வர் அண்ணாச்சி வந்து நின்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே, இட்லி வடை பொங்கல் பூரி ரவா ஆனியன்ரவா நெய்ரோஸ்ட் என்று, அதில் ஒரு விலைகூட வராது! அம்மா அங்கே தைரியமாக நெய்ரோஸ்ட் கேட்பாள். இங்கே இப்போது கார்டும் போய்விட்டது. மேஜையில் ஒட்டியிருக்கிற கட்டம் கட்டமான சதுரத்தைப் போனில் பிடிக்கச் சொல்கிறார்கள். அம்மா வைத்திருப்பது பட்டன் போன். அதை அவள் அந்தச் சதுரத்துக்கு நேராக ஒரு தடவை நீட்டிக்கூடப் பார்த்தாள், பாவம்.

அப்புறம் ஆபீஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீமோடு வெளியே போவது எங்கள் ஆபீசில் வழக்கம். ஒரு நாள் எட்டுப் பேர். பில் 5,120. மேனேஜர் போனை எடுத்து, "ஈக்குவலா பிரிச்சிருவோம், ஆளுக்கு அறுநூத்தி நாப்பது" என்றார். எல்லாரும் ஜிபே பண்ணினோம். டீமில் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் சாப்பிட்டது ஒரு வெஜ் பிரைடு ரைஸ், 210 ரூபாய். மற்றவர்கள் கபாப், மட்டன், குடை சொருகின கலர் ஜூஸ். அவன் 640 அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். "பரவால்லக்கா" என்றான், நான் ஒன்றும் கேட்காமலேயே.

அதற்கடுத்த வெள்ளி அவன் வரவில்லை, டப்பா கொண்டுவந்திருக்கிறேன் என்றான். அதற்கடுத்த வெள்ளி வயிறு சரியில்லை என்றான். எங்கேயோ கேட்ட வயிறாக இருக்கிறதே என்று எனக்கு மூன்றாவது வாரம்தான் பொறி தட்டியது.

சமமாகப் பிரிப்பது நியாயம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மட்டன் சாப்பிட்டவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். ஒரே சம்பளக்காரர்கள், அல்லது பால்ய சிநேகிதர்கள் என்றால் சரி, எப்படியும் பிரித்துக்கொள்ளட்டும். நாற்பதாயிரம் வீட்டுக் கடன் கட்டுகிறவரும், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மேன்ஷனில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறவனும் உட்கார்ந்திருக்கிற மேஜையில் அது அநியாயம். நான் மேனேஜரிடம் சொன்னேன்: இனி அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர், தண்ணியும் ஸ்டார்டரும் மட்டும் பெரிய சம்பளக்காரர்கள் நாலு பேர் தலையில். "திருநெல்வேலிக்காரங்க அல்வாதான் கொடுப்பீங்கன்னு நெனச்சேன், கணக்கும் கொடுப்பீங்களா" என்றார். அல்வா ஜோக் இல்லாமல் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போனதில்லை, அது கிடக்கட்டும். பையன் மறுபடி வர ஆரம்பித்துவிட்டான். இப்போது மட்டன் சுக்கா சொல்கிறான், தன் காசில்.

அப்பா கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முடியாது. அப்பா பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் என் மகள் பிறந்தநாளுக்கு ஒரு மாலில் இருக்கிற ஓட்டலுக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். தோல் அட்டைக்குள் வைத்து பில் வந்தது. நான் கார்டை எடுத்து நீட்டுவதற்குள் அப்பா பில்லை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்து மேஜையில் வேறு யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள்.

சாப்பாடு 4,200. அதற்குக் கீழே எஸ்.சி. 10 சதவீதம், 420. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 231. மொத்தம் 4,851.

"தம்பி, இந்த எஸ்.சி.ங்கிறது என்னது?"

"சர்வீஸ் சார்ஜ் சார்."

"யாரு போட்ட வரி இது? கவர்மெண்டா?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். "அப்பா, விடுங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னேன், இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, என் மேல்தான். ஏனென்றால் எனக்குத் தெரியும். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, அதைச் சேர்த்துக் கூட்டின தொகை மேல் ஜிஎஸ்டியும் போடக்கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. ஓட்டல்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2025 மார்ச்சில் அங்கேயும் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. 1915 என்ற எண்ணில் புகாரும் சொல்லலாம். இவ்வளவையும் படித்துவிட்டு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எதையும் படிக்காத அப்பா கேட்டுவிட்டார். "நான் குடுக்கணும்னு நெனச்சா குடுப்பேன். நீங்களே எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு வேற."

மேனேஜர் வந்தார், சிரித்தார், "ஆப்ஷனல்தான் சார்" என்றார். இதுதான் வேடிக்கை. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்களாம், ஆனால் வேண்டுமா என்று முதலில் கேட்க மாட்டார்களாம். புது பில் வந்தது, 4,410. அப்பா அதையும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு டிக் அடித்தார். பழக்கம்! எழுந்து வரும்போது அந்தத் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டு, இருநூறு ரூபாய்த் தாளை மடித்துக் கையில் வைத்து, "இது ஒனக்கு. பெட்டியில போட்டுராத" என்றார். தம்பிக்கு எந்த ஊர் என்று அதற்குள் விசாரித்தும் விட்டார். ஒடிசாவாம்.

இதைப் படித்துவிட்டு நகரத்து ஓட்டலே ஆகாது, ஊர்தான் சொர்க்கம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குற்றாலம் சீசனுக்குப் போனால் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் திரும்ப மாட்டோம். ஆனால் எனக்கு இருபது வயது ஆகும்வரை அங்கே கடைக்குள் போய் உட்கார்ந்தது கிடையாது. ஆண்கள் உள்ளே, இலையில், கோழியோடு. பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் வேனுக்குப் பார்சல் வரும். சால்னாப் பையை மடியில் சிந்தாமல் பிரிப்பதிலேயே பரோட்டா ஆறிப்போகும். வேளச்சேரியில் ராத்திரி பத்து மணிக்கு, கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்களோடு, கொத்துக் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் தடவையாகச் சூடான பரோட்டாவைப் பிய்த்தேன். அதைக் கொடுத்தது சென்னைதான். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற எங்களுக்கு, நாம் உட்கார்ந்திருக்க யாரோ ஒருவர் கொண்டுவந்து வைப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதற்கு நான் சந்தோஷமாகக் காசு கொடுப்பேன். கூச்சத்துக்குக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

ஊரும் ஒன்றும் பழைய மாதிரி இல்லை. இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது வண்ணார்பேட்டைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு கடைக்குப் போனோம். இருட்டு விளக்கு, தோல் அட்டை, ஒரு மணி நேரம் படிக்கிற அளவு மெனு. உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான், பேச்சிலேயே தெரிந்தது. கையில் பாட்டில், மூடியில் இரண்டு விரல்.

"தண்ணி மினரலா மேடம், ரெகுலரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏய்யா, ஆத்தை இந்தா பக்கத்துல வச்சுக்கிட்டு என்னலே கேக்க? சும்மா தண்ணி கொண்டா."

பையன் சிரித்துக்கொண்டே போய் ஜக்கில் கொண்டுவந்து ஊற்றினான். அம்மா ஒரு டம்ளரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மெனு அட்டையை இழுத்து விரித்து, வலது பக்கத்தில் விரலை வைத்தாள். நான் அட்டையை வாங்கிக்கொண்டேன்.