கோடியக்கரையில் நின்றால் பருத்தித்துறை தெரியாது

“கோடியக்கரையில் நின்றால் பருத்தித்துறை கண்ணுக்குத் தெரியும், தூரம் 30 கிலோமீட்டர்தான்” என்று மேலே ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். தவறு ஐயா. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம்தான் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்து பருத்தித்துறை சுமார் 65 கிலோமீட்டர், அதுவும் தென்கிழக்கே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமக்கு அருகில் இருப்பது கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம். அதுவே 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் மயிலிட்டி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பொலிகண்டி. அதற்குப் பிறகே பருத்தித்துறை முனை வரும்.

பூமி வளைந்திருக்கிறது என்பதையும் மறந்துவிட்டீர்கள். மணலில் நிற்பவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கோடியக்கரையின் புதிய கலங்கரை விளக்கம் சுமார் 45 மீட்டர் உயரம். அதன் உச்சியில் நின்றாலும் கடல்பரப்பு 25 கிலோமீட்டர் அளவுக்கே தெரியும்.

இரவில் வரிசையாக மினுங்குபவை மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். வேதாரண்யத்தில் சிறுவயதில் எங்களுக்கும் அதைக் காட்டி யாழ்ப்பாணம் என்றுதான் சொன்னார்கள். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட வீடுகளில் அப்படி நம்பியது இயல்புதான். ஆனால் எழுத்தில் வரும்போது அது பிழை. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இடம் இது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.