பன்னிரண்டு மணிக்குள் ஒரு ஹார்ட்

(கல்லூரி விடுதி அறை. இரவு 11:40. ஜோயல் கட்டிலோரம் முழங்காலில் இருக்கிறான். தலையணை மேல் பைபிள், பைபிள் மேல் போன். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாம் நாளைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.)

சாம்: ஏதோ பெரிய பாரத்தோடு ஜெபிக்கிறாய் என்று நானும் அரை மணி நேரமாக வாய்க்குள்ளேயே படிக்கிறேன். நீ என்னடா என்றால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒற்றைக் கண்ணைத் திறந்து போனைப் பார்க்கிறாய்?

ஜோயல்: அடையாளம் கேட்டிருக்கிறேன்டா. என் ஸ்டேட்டஸுக்கு அவள் பன்னிரண்டு மணிக்குள் ஹார்ட் போட்டால் கர்த்தருடைய சித்தம்.

சாம்: போடாவிட்டால்?

ஜோயல்: நாளைக்கு வேறு ஸ்டேட்டஸ்.

சாம்: அப்படி என்னதான் போட்டிருக்கிறாய், காட்டு. (பார்க்கிறான்.) சூரிய அஸ்தமனம், பின்னால் சினிமாக் காதல் பாட்டு, அதற்கு மேல் எரேமியா 29:11. பாட்டு அவளுக்கு, வசனம் ஆண்டவருக்கா?

ஜோயல்: எதிர்காலத்தைப் பற்றிய வாக்குத்தத்தம்டா அது!

சாம்: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம்டா அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. உனக்கு இருபது நிமிஷம் பொறுக்கவில்லை.

ஜோயல்: அதே அதிகாரம் ஆறாம் வசனத்தில் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறது, தெரியுமா?

சாம்: தெரியும். ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டு, தோட்டம் போடு என்று இருக்கிறது. உன் பெயரில் இந்த அறையில் ஒரு பக்கெட்தான் இருக்கிறது. அதுவும் என்னுடையது.

(ஜோயல் போனைத் துடைக்கிறான். திரை சுத்தமாகத்தான் இருக்கிறது.)

ஜோயல்: பைபிளில் கிதியோன் அடையாளம் கேட்கவில்லையா? இரவுப் பனியில் ஆட்டுத்தோல் மட்டும் நனையணும், தரை காயணும் என்றான். மறுநாள் மாற்றிக் கேட்டான். அதையும் ஆண்டவர் செய்தார்.

சாம்: கிதியோனிடம் தூதன் நேரில் வந்து பேசியாயிற்று. பதில் தெரிந்த பிறகும் பயத்தில் கேட்டான். உன்னிடம் யார் வந்தார்கள்? அவளிடமே நீ இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, கேட்கிறதுதான் கேட்கிறாய், ஆபிரகாமின் வேலைக்காரன் மாதிரியாவது கேள். ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போனவன் கிணற்றடியில் என்ன கேட்டான்? எனக்குத் தண்ணீர் தருகிறவள், ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று தானாகச் சொல்லணும் என்றான். ஒட்டகம் எத்தனை? பத்து. தாகத்தில் இருக்கிற ஒரு ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் வரை குடிக்கும்டா. கணக்குப் போட்டுப் பார், அந்தப் பெண் குடத்தோடு எத்தனை தடவை ஓடியிருப்பாள் என்று. அவன் பார்த்தது குணத்தை. நீ பார்ப்பது கட்டைவிரலை. அதுவும் தூக்கக் கலக்கத்தில் தெரியாமல் பட்டாலும் உனக்குச் சித்தம்தான்.

ஜோயல்: உனக்குக் காதல் என்றாலே பிடிக்காது. யாக்கோபைப் பார். ராகேலைக் கண்டதும் கிணற்றை மூடியிருந்த பெரிய கல்லைத் தனியாளாகப் புரட்டினான். ஸ்லோமோஷன் போட்டால் அப்படியே ஹீரோ என்ட்ரி!

சாம்: புரட்டிவிட்டு என்ன செய்தான்? சத்தமிட்டு அழுதான். எந்த ஹீரோடா என்ட்ரியில் அழுகிறான்? அப்புறம் ஏழு வருஷம் ஆடு மேய்த்து, கல்யாணமும் முடிந்து, விடிந்து பார்த்தால் பக்கத்தில் ராகேலின் அக்கா லேயாள். அது இடைவேளைதான். மறுபடியும் ஏழு வருஷம். நீ படத்தில் பார்த்ததெல்லாம் அவள் வேண்டாம் என்றாலும் பின்னாலேயே போகிறவனை. இவனாவது முறையாக அவள் அப்பாவிடம் கேட்டான்.

ஜோயல்: கேட்டு அவள் மாட்டேன் என்றால்?

(சாம் பேனாவைக் கீழே வைக்கிறான். இவ்வளவு நேரத்தில் ஜோயல் உண்மையாகக் கேட்ட ஒரே கேள்வி இது.)

சாம்: மாட்டேன் என்பாள். ஒரு வாரம் சாப்பிட மாட்டாய். அப்புறம் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவாய். ஆனால் இந்தப் பழியை ஆண்டவர் மேல் போடாதே. போன செமஸ்டரில் சீனியர் ஒருவர் 'கர்த்தர் பேசினார்' என்று ஒரு அக்காவைக் காதலித்து, மூன்றே மாதத்தில் 'கர்த்தர் திரும்பவும் பேசினார்' என்று பிரிந்தார் பார், அந்த அக்கா இன்னும் ஜெபக்கூட்டத்துக்கு வருவதில்லை.

ஜோயல்: (மெல்ல) அந்த கிட்டார் வாசிக்கிறவன் அவள் ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் ஹார்ட் போடுகிறான்டா.

சாம்: 'அன்புக்குப் பொறாமையில்லை.' 1 கொரிந்தியர் 13. அன்பு என்கிற இடத்தில் உன் பெயரைப் போட்டு வாசி.

ஜோயல்: ஜோயல் நீடிய சாந்தமும் தயவுமுள்ளவன். ஜோயலுக்குப் பொறாமை... இதைக் காலையில் வாசிக்கிறேன்.

(11:57. போன் அதிர்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். படிக்கிற பையன்தான் முந்துகிறான்.)

சாம்: ஹார்ட் இல்லை. கை கூப்பின படம். 'ஆமென், பிரதர்.'

(நீண்ட மௌனம். ஜோயல் பைபிளை எடுத்து வேகமாகப் புரட்டுகிறான்.)

சாம்: இப்போது என்னடா தேடுகிறாய்?

ஜோயல்: உன்னதப்பாட்டு 4:9. 'என் சகோதரியே, என் மணவாளியே.' பார்த்தாயா? ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது!

(சாம் எழுந்து விளக்கை அணைக்கிறான். இருட்டில் போன் வெளிச்சம் மட்டும்.)

சாம்: என்னடா டைப் பண்ணுகிறாய்?

ஜோயல்: 'தேங்க்யூ சிஸ்டர்' என்றுதான்டா. மீதியை நேரில் கேட்கிறேன்.