வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள்

பீடி சுற்றுகிற கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் டிவி பார்த்தாலும், வம்பு பேசினாலும், பிள்ளைக்குப் பாடம் கேட்டாலும் மடியில் சொளகு இருக்கும், விரல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாலு பெண்கள் காலை 10 மணியிலிருந்து மத்தியானம் 3 மணிவரை ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைப் போன வருஷம்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அதில் ஒரு வகுப்பறையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் நடக்கிறது. தபால் ஆபீஸில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு செவ்வாயும் வியாழனும் அங்கே போகிறேன். பதினொரு பிள்ளைகள். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. ஒரே ஒரு சிறப்பாசிரியை, அதுவும் தொகுப்பூதியத்தில். அவரே மற்றப் பள்ளிகளுக்கும், வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்வர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு ஒருநாள் வருவார். உதவிக்கு ஓர் ஆயா இருந்தாராம். அவர் நின்றபிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை.

அந்த ஆயா வேலையைத்தான் வராந்தாவில் இருக்கிற அம்மாக்கள் பார்க்கிறார்கள்.

"ஏம்மா காத்துக் கிடக்கீங்க, வீட்டுக்குப் போய்ட்டு மூணு மணிக்கு வரலாம்ல?" என்று முதல் வாரம் ஒருத்தியிடம் கேட்டேன். "பாத்ரூம் வந்தா அவனை யாரும்மா தூக்குவா?" என்றாள். பையனுக்கு ஒன்பது வயது, நல்ல கனம். கழிப்பறைக்கு இரண்டு படி ஏறவேண்டும். சாய்தளம் வகுப்பறை வாசலில் மட்டும்தான் உண்டு. அதுவும் செங்குத்து. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இங்கே நாலு அடியில் முடித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியை அதில் இறக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

பீடியை இங்கே கொண்டுவந்து சுற்றவும் முடியாது. பள்ளிக்கூடத்துக்குள் புகையிலை கூடாது. அந்த விதி சரியானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவளுக்குப் பகல் ஐந்து மணிநேரம் போனால் அன்றைய கூலி போச்சு. ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து சுற்றுகிறேன் என்று சொன்னாள். பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. அது டயப்பருக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும். முடியாத மாதத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். "தொடர்ந்து வருவதில்லை" என்று பதிவேட்டில் ஏறுவது இதுதான்.

நான் போன புதிதில் அந்தப் பையனுக்குச் சோறு ஊட்டினேன். பசியோடு இருக்கிறானே என்று வேகவேகமாக ஊட்டினேன். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆச்சி, நீங்க ஊட்டிட்டா அவன் என்னைக்குச் சாப்பிடப் பழகுறது?" என்று கேட்டுவிட்டுச் செய்து காட்டினார்.

ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தார், இறுக்கி மடங்கிய அவன் விரல்களுக்குப் பிடிமானம் கிடைக்க. அவன் கைமேல் தன் கையை வைத்து, சோற்றை அள்ளி, வாய்க்கு ஓர் அங்குலம் இருக்கும்போது தன் கையை எடுத்துவிட்டார். அந்தக் கடைசி ஓர் அங்குலம் மட்டும் அவன் வேலை. தலை முன்னால் வரும், கை ஆடும், பாதி சட்டையில் கொட்டும். அது பழகினபிறகு இரண்டு அங்குலம், அப்புறம் நெஞ்சு உயரத்திலிருந்து, அப்புறம் தட்டிலிருந்து. சாம்பார் சாதம் ஸ்பூனிலிருந்து வழுக்கி விழுந்துவிடும், தயிர்சாதம்தான் ஒட்டி நிற்கும். இதெல்லாம் நான் அங்கே கற்றுக்கொண்டது. ஏழு மாதம் ஆயிற்று. இப்போது தட்டிலிருந்து தானே எடுக்கிறான். முதல்நாள் எடுத்தபோது டீச்சரும் நானும் ஒன்றும் பேசவில்லை. அவன் மட்டும் சத்தமாகச் சிரித்தான்.

இந்த ஏழு மாதத்தில் அவன் அம்மா வாரத்தில் இரண்டு நாள் வராந்தாவில் உட்காரவில்லை. செவ்வாயும் வியாழனும் அவனை விட்டுவிட்டுப் போய்விடுவாள், நான் இருக்கிறேன் என்று. நான் போனதில் உருப்படியாக நடந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வாரத்துக்கு இரண்டு பகல் ஒரு தாய்க்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

"ஆய்க்குடிக்கு அனுப்பலாமே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 1981இல் ச.ராமகிருஷ்ணன் அவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கத்தை இந்தப் பக்கம் அறியாதவர் கிடையாது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் எழுப்பிய நிறுவனம் அது, கும்பிட வேண்டியது. ஆனால் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்பதற்காக மற்ற இடமெல்லாம் எப்படியும் இருக்கலாமா? 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க இந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பக்கத்துப் பள்ளி என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேலே பதினைந்துக்கு ஒருவர் என்ற கணக்கை 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வரட்டும், நிரந்தரப் பணியிடமாகவே வரட்டும். ஆனால் அது ஆசிரியர் கணக்கு. தூக்கிக்கொண்டு போகிற, கழுவிவிடுகிற, உடை மாற்றுகிற கைக்கு ஒரு பணியிடம் வேண்டும், ஒழுங்கான சம்பளத்தோடு. அதை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டோம். அவள் செய்வதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டதால் கூலி கேட்க அவளுக்கே கூச்சமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் போவதைக் காட்டி "அதான் தன்னார்வலர் இருக்காங்களே" என்று அந்தப் பணியிடத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வியாழக்கிழமை அவள் மறுபடி வராந்தாவில்தான் உட்கார வேண்டும். இரண்டு வியாழன் அப்படி நடந்தது.

பிறந்தநாளுக்குக் கேக் வெட்டலாமா, சாப்பாடு போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நல்ல மனசு. நான் மறுக்கவில்லை. கேட்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: வாரத்தில் ஒருநாள், அதே நாள், அதே நேரம், ஒரு வருஷத்துக்கு வர முடியுமா? எங்கள் மையத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பாப்பா இருக்கிறாள். புது முகம் பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள். என் பக்கத்தில் வந்து உட்கார அவளுக்கு நாலு மாதம் ஆனது. ஒருநாள் வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களால் அவளுக்கு அன்றைய நாள் முழுக்க வீண்.

உதவியாளர் பணியிடம் கேட்டு அம்மாக்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்ட மனு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறது. நானும் கூடப் போகிறேன். ஆள் வரும்வரை செவ்வாயும் வியாழனும் நான் பார்த்துக்கொள்வேன். திங்கள், புதன், வெள்ளிக்கு இன்னும் யாரும் இல்லை. இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், தலைமையாசிரியரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.